கைராசிக்காரி

இப்படி வாங்க நர்சம்மா, இந்தப் பக்கம் நெழலு இருக்கு. வெயில்ல வீடு வீடா ஏறி இறங்குறீங்க, காலு வலிக்காதா? செத்த உக்காருங்க. டீ சொல்லட்டா? வேண்டாமா. சரி, தண்ணியாச்சும் குடிங்க. டீக்கடைத் தண்ணிதான். நான் கொண்டாந்தது இல்ல, பயப்படாமக் குடிங்க.

நான் இந்த ஊரு இல்ல. ராமநாதபுரத்துப் பக்கம், ஆட்டுக்காரச் சனம். வருசத்துல பாதி நாளு ஊரு ஊராப் போயி கெடை போடுவோம். அறுத்த வயல்ல ஆட்டை அடைச்சு வச்சா புழுக்கை உரமாகும், வயக்காரங்க நெல்லு அளப்பாங்க. அதுதான் பொழப்பு. பேரு ராக்கு. ஆனா பேரு சொல்லி யாரும் கூப்பிடுறது இல்ல, கைராசிக்காரின்னுதான் கூப்பிடுவாங்க. கூப்பிடுவாங்கன்னா, கூப்பிட்டாங்க. இப்ப இல்ல.

அந்தா, முருங்கை மரம் நிக்குதுல்ல, பச்சைக் கேட்டு, அது எம்மக வீடு. பாண்டிச்செல்வி. உங்க நோட்டுல பேரு இருக்கும், எட்டு மாசம். இருக்குல்ல? இருக்கும்.

இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்துட்டு ஏன் எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்திருக்கேன்னு நெனைப்பீங்க. மருமகன் வரக்கூடாதுன்னுட்டாரு. பெத்தவ நான். வயித்தைத் தூக்கிக்கிட்டு எம்மக உள்ள நடமாடுறா, நான் பெஞ்சுல உக்காந்து பன்னைப் பிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன். இது ஞாயமா, நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டு எப்படிச் சொல்லுவீங்க, படிச்சவங்க. முழுசாச் சொல்றேன், அப்புறம் சொல்லுங்க.

கைராசிங்கிறது சும்மா வந்த பேரு இல்ல. நூத்தம்பது உருப்படி நிக்கிற கெடையில எந்த ஆடு என்னைக்குக் குட்டி போடும்னு மடியைத் தடவிப் பாத்துச் சொல்லிருவேன். தலை திரும்பிக் கெடந்தா கையை விட்டு நேராக்கி எடுத்துருவேன். எங்க கெடைன்னு இல்ல, நாலு மைலுக்குள்ள எவன் கெடையில ஆடு முக்கிக்கிட்டுக் கெடந்தாலும் 'ராக்குவைக் கூட்டியா'ம்பாங்க. சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போவேன். அங்க ஒண்ணை எடுத்துப் போட்டுட்டு, முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டு அடுத்த கெடைக்கு நடப்பேன். ஒரு வாய்த் தண்ணி கேக்க மாட்டேன்.

இன்னொரு வித்தை இருக்கு, அது எல்லாருக்கும் வராது. குட்டி செத்துப்போன தாயி மடியில பால் கட்டிக்கிட்டுக் கத்தும். வேற ஒரு ஆடு ரெட்டைக்குட்டி போட்டுட்டுப் பால் பத்தாம நிக்கும். நான் என்ன செய்வேன், செத்த குட்டி மேல இருக்கிற தண்ணி, கொடி, எல்லாத்தையும் வழிச்சு அந்த ரெட்டையில ஒண்ணு மேல பூசி விட்டுருவேன். தாயி மோந்து பாக்கும். தன்னோட வாசனை. ஒரு நக்கு நக்கிட்டாப் போதும், அதுக்கப்புறம் எமனே வந்து கேட்டாலும் அந்தக் குட்டியை விடாது. அப்படி நான் ஒட்ட வச்ச குட்டிக்குக் கணக்கே இல்ல. கன்னம் மோவாயெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அப்படியே உக்காந்து கஞ்சி குடிப்பேன். ஆட்டுக்காரிக்கு என்ன அருவருப்பு?

எம்மகளுக்கும் அந்தக் கை உண்டு. என்னோடதைவிட நல்ல கை. எனக்கு மணிக்கட்டு தடி, அவளுக்குச் சின்னப்பிள்ளை வளையல்தான் ஏறும். இந்தத் தைக்கு முந்தின தை, அவ நாலு மாசம். கல்யாணமாகி மூணு வருசம் கழிச்சுத் தங்கின வயிறு. பொங்கலுக்கு எங்ககூட இருந்துட்டுப் போறேன்னு கெடைக்கே வந்துட்டா. வந்த மூணாம் நாளு ஒரு ஆடு. குட்டி உள்ளயே செத்து, குறுக்க மாட்டிக்கிச்சு. எனக்குக் கையில கருவேல முள்ளு ஏறி, உள்ளங்கை பன்னு கணக்கா வீங்கிக் கெடந்துச்சு. வெரலை மடக்க முடியல.

செல்வியைக் கூப்பிட்டேன். "நான் புள்ளத்தாச்சியா இருக்கேன்ல, வேண்டாம்மா"ன்னா. "புள்ளத்தாச்சி கை பட்டா வாயில்லாச் சீவனுக்கு நல்லதுடி, அது நல்லபடியா இறக்குனா உனக்கும் சொகமா இறங்கும்"னேன். மறுபேச்சு பேசல எம்மக. மண்டி போட்டு உக்காந்து, முழங்கை வரைக்கும் விட்டு, கால் மணி நேரத்துல எடுத்துப் போட்டுட்டா. குட்டி செத்துத்தான் வந்துச்சு. ஆனா தாயி பொழைச்சுக்கிச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு நர்சம்மா. அவ கையாலயே ஒரு ரெட்டைக்குட்டிக்குப் பூசவும் சொன்னேன். அழகாப் பூசுனா. ஒட்டிக்கிச்சு. அதே ஆட்டுப் பாலை ஒரு செம்பு பீச்சி அவளுக்கு அப்படியே குடுத்தேன். காய்ச்சிட்டா சத்து போயிரும்னு நாங்க பச்சையாத்தான் குடிப்போம்.

அந்த வருசம் மொத்தம் ஏழு ஆடு வீசுச்சு. நாளு ஆகாம குட்டியைத் தள்ளிருச்சுன்னா வீசிருச்சும்போம். ஏழெல்லாம் ஒரு பேச்சா? எல்லா வருசமும் ரெண்டு மூணு வீசத்தான் செய்யும். ஒண்ணை ஒண்ணு முட்டும், பனி ஒத்துக்காது. அதுக்கு முந்தின பங்குனியில எங்க வீட்டுக்காரரு சந்தையில எட்டு ஆடு புதுசாப் பிடிச்சிட்டு வந்தாரு, வீசுன ஏழுல அஞ்சு அந்தப் புது ஆடுதான். புது ஆட்டுக்குப் புதுத் தண்ணி சேரலன்னு விட்டுட்டோம்.

மகளுக்கா? நீங்க கேப்பீங்கன்னு தெரியும், உங்க நோட்டுல எழுதியிருக்கும். மாசியில கலைஞ்சு போச்சு. ஊருக்குத் திரும்பி ஒரு மாசம் இருக்கும். காய்ச்சல் வந்து வந்து விட்டுச்சாம், இடுப்பு வலிக்குதுன்னாளாம், அப்புறம் ஒரு நா காலையில. ஆம்பளப் பிள்ளை. அது வேற கதை நர்சம்மா, ஆட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அது எங்க மதினி கண்ணு. மதினின்னா எங்க அண்ணன் பொண்டாட்டி, குருவம்மா. அவுங்க கெடையும் எங்க கெடையும் எப்பவும் பக்கத்துல பக்கத்துலதான் கெடக்கும். பொங்கலன்னைக்கு செல்வி வயித்தைப் பாத்து, "என்னா எடுப்பா இருக்கு"ன்னா. அவ மருமகளுக்கு அப்பத் தங்கல. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. அம்புட்டுத்தான், பட்டுருச்சு.

இல்லாட்டி பஸ்ஸுல குலுங்கிப் போனதாவும் இருக்கும். கடைசி சீட்டுல உக்காந்து போயிருக்கா. நான் பாக்க வந்தப்ப நல்லா ஏசுனேன். "கடைசி சீட்டுல உக்காராதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியாடி? உன் புள்ளையை நீயே தொலைச்சுட்டியேடி"ன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதா. மாமியாக்காரி கருப்பையில பெலன் இல்லன்னு சொல்லிட்டுப் போனா. செல்வி இன்னைக்கு வரைக்கும் அந்தக் கடைசி சீட்டைத்தான் நம்பிக்கிட்டு இருக்கா. இந்தத் தடவை வயித்துல தங்குனதுலேருந்து ஒரு பஸ் ஏறல. ஆஸ்பத்திரிக்குக்கூட நடந்துதான் போறாளாம்.

சரி, அதை விடுங்க. ஆட்டுக்கு வர்றேன்.

போன கார்த்திகை. நூத்திப்பத்து ஆடு சினை. மழை நல்லாப் பேஞ்சு புல்லு நின்னுச்சு, ஆடெல்லாம் வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்க முடியாம நடந்துச்சு. பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போனோம். திங்கக்கெழமை ஒண்ணு வீசுச்சு. புதன்கெழமை மூணு. அடுத்த திங்களுக்குள்ள பதினாலு. எல்லாம் நாலாம் மாசத்துக் குட்டி. மயிரு அரும்பியும் அரும்பாம, கண்ணு மூடி, காலுக் கொளம்பு மட்டும் வெள்ளையா, மெழுகாட்டம் இருக்கும். இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா துள்ளியிருக்கும். வீசுன ஆட்டுக்கு வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. தள்ளிட்டுத் தள்ளிட்டுப் போயி மேயுது.

என்ன செய்யல சொல்லுங்க. கோடாங்கியைக் கூட்டியாந்து குறி கேட்டோம். கொலசாமிக்குக் கெடா வெட்டுனோம். மஞ்சத்தண்ணி தெளிச்சோம், வேப்பங்கொழை கட்டுனோம். வயலு சரியில்லன்னு கெடையைத் தூக்கி வேற ஊருக்கு மாத்துனோம். மாத்துன எடத்துல முத நாளே நாலு வீசுச்சு.

நான் என் பங்குக்கு வேலையை விடல. வீசுன ஆட்டுக்குப் பால் கட்டும்ல? அண்ணன் கெடையில முன்கூட்டியே குட்டி போட்ட ஆடு கொஞ்சம் இருந்துச்சு. அந்த ரெட்டைக்குட்டியெல்லாம் இங்க தூக்கியாந்து, பூசி, ஊட்டிட்டு, சாயங்காலம் திருப்பி அங்க கொண்டு போயி விட்டேன். போன கையோட அங்க இருக்கிற சினையாட்டு மடியையும் தடவிப் பாத்துட்டு வருவேன். தாயும் பிள்ளையுமாப் பொழங்குற குடும்பம், நல்லதுதானே செஞ்சேன்? பதினஞ்சு இருவது நாளுல அண்ணன் கெடையிலயும் வீச ஆரம்பிச்சுருச்சு.

மதினி கணக்குப் பாத்துட்டா. அவ கூடாரத்துக்குப் பின்னாடி ஒரு நொண்டி ஆடு, தனியாக் கட்டிக் கெடந்துச்சு. அதுகிட்ட நான் போனதே இல்ல. அது ஒண்ணுதான் மாசம் நெறைஞ்சு, தானாப் போட்டு, தானா நக்கிக்கிட்டு நின்னுச்சு. அதைப் பாத்துட்டு மதினி எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டா. "ராக்கு, இனிமே என் கெடைப் பக்கம் வராதே. உன் கை பட்டது எல்லாம் வீசுது."

முப்பது வருசம் நர்சம்மா. முப்பது வருசக் கைராசி, ஒரு நொண்டி ஆடு குட்டி போட்டதும் போச்சு. நாலு மைலுக்கும் சேதி போச்சு. ஊரு வாயை மூட ஒலை மூடி ஏது? தண்ணி எடுக்கப் போனா பொம்பளைங்க கொடத்தை ஒதுக்கி வைக்கிறாளுக. ஆடு முக்கிக்கிட்டுக் கெடக்கு, என் கண்ணு முன்னாடி கெடக்கு, எம்புருசன் என்னைய நகரச் சொல்லிட்டுத் தானே கையை விடுறாரு. கை காலைக் கட்டிப்போட்டுச் சாவு வீட்டுல உக்கார வச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

மார்கழியில ஆட்டு டாக்டரம்மா வந்துச்சு. உங்களைவிடச் சின்னப் பிள்ளை. கையில முழங்கை வரைக்கும் ரப்பர் உறை, மூஞ்சியில துணி. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "குட்டி எடுக்க வந்தியா தாயி, கொள்ளையடிக்க வந்தியா"ன்னு கேட்டேன். அது சிரிக்கல. ஆட்டுக்கு ரத்தம் எடுத்துட்டுப் போயி பத்துப் பன்னெண்டு நாளு கழிச்சு வந்துச்சு. கண்ணும் இல்ல, காத்தும் இல்ல, இது கிருமின்னுச்சு. அந்தச் சந்தை ஆட்டோடதான் வந்திருக்கும். வீசுன குட்டியில, கொடியில, அந்தத் தண்ணியில கோடிக்கணக்குல இருக்கும். அதைத் தொட்ட கையோட அடுத்த ஆட்டுக்குப் போனா அங்கயும் ஏறும். யாரு பூசி விட்டதுன்னு கேக்கல. கேக்காமலே எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் என் கையைப் பாத்தேன்.

அதோட விட்டிருக்கலாம். அது அடுத்ததாக் கேட்டுச்சு. "இது மனுசருக்கும் வரும். உங்கள்ல யாருக்காச்சும் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி இருக்கா? வீட்டுப் பொம்பளைங்க யாருக்காச்சும் கரு கலைஞ்சிருக்கா?"

எங்க வீட்டுக்காரரு தரையைப் பாத்தாரு. அண்ணன் அங்கிட்டுத் திரும்பிட்டாரு. மதினி நேரா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. நான் "இல்ல"ன்னேன். அவ ஒரு வார்த்தை பேசல நர்சம்மா. கண்ணு வச்சா கண்ணு வச்சான்னு ஒரு வருசமா அவளை நான் ஊரெல்லாம் தூத்தியிருக்கேன். அவ அன்னைக்கு வாயைத் தொறந்திருந்தா நான் அங்கயே செத்திருப்பேன். தொறக்கல. எனக்காகத் தொறக்கலையா, செல்விக்காகத் தொறக்கலையா, எனக்கு இன்னும் வெளங்கல. அதுக்கப்புறம் அவகூடப் பேச எனக்கு மூஞ்சி இல்ல.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் செஞ்சோம். வீசுனதைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாப் புதைச்சோம். வீசுன ஆட்டைத் தனியாப் பிரிச்சோம். பிரிச்சு என்ன, நூத்திப்பத்துல எழுவத்தொண்ணு போச்சு. குழி வெட்டி வெட்டி எங்க வீட்டுக்காரருக்குத் தோளு எறங்கிப்போச்சு. தையில எனக்கே சாயங்காலமானா காய்ச்சல், முட்டி ரெண்டும் கழண்டு விழுந்துரும் போல வலி. அந்த வலி முந்தின வருசமே இருந்துச்சு, வயசாச்சுன்னு விட்டுருந்தேன். பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாத்தாங்க. அதே கிருமி. ஆறு வாரம் மாத்திரை. மூத்திரமெல்லாம் செவப்பாப் போகும், பயப்படாதீங்கன்னாங்க. ஒரு வேளை விடாமத் தின்னேன். இப்ப எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க, யாருக்கும் ஒட்டாதாம். அங்கயும் ஒரு டாக்டரு கேட்டாரு, உங்க கூட வேற யாராச்சும் கையை விட்டாங்களா, பச்சைப் பாலு குடிச்சாங்களா, அவுங்களுக்கும் பாக்கணும், ஒடம்புக்குள்ள வருசக்கணக்குல பதுங்கிக் கெடக்கும்னாரு. வீட்டுக்காரரைச் சொன்னேன். அண்ணனைச் சொன்னேன். வேற யாரும் இல்லன்னேன்.

அப்ப செல்விக்கு மூணு மாசம் முடிஞ்சிருந்துச்சு. அந்த வாரந்தான் போன்ல சொன்னா. "இந்தத் தடவை எங்கயும் அசைய மாட்டேம்மா, பத்திரமாப் பெத்துருவேன்"னா. அந்தக் கொரலைக் கேட்டுட்டு நான் என்னன்னு சொல்லுவேன்?

என்ன, மணி பாக்குறீங்க. போகணும், இல்ல? இன்னும் ஒண்ணே ஒண்ணு.

மருமகன் வரக்கூடாதுன்னுட்டாருன்னு சொன்னேன்ல. அது பொய்யி. தங்கமான பிள்ளை. நேத்துக்கூட, "அத்தை, எப்பத்தான் வர்றீங்க, அவ உங்களையே கேட்டுக்கிட்டு இருக்கா"ன்னாரு. வளைகாப்புக்கு நான் வரல. முட்டி வலின்னேன். ஆட்டைப் பாத்துக்க ஆளு இல்லன்னேன். யாரும் என்னையத் தடுக்கல நர்சம்மா. இந்த ரோட்டைத் தாண்ட எனக்குத்தான் காலு வரல. உள்ள போனா, "ஏம்மா வரல"ன்னு எம்மக கையைப் பிடிப்பா. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே பொய் சொல்ல எனக்கு வராது. நெசத்தையும் சொல்ல வராது. புள்ளத்தாச்சி கை பட்டா நல்லதுடின்னு சொன்ன வாயி இது. அவ சுவத்துப் பக்கம் திரும்பி அழுதப்ப, இதே வாயிதான் ஏசுச்சு.

உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தேன். புதன்கெழமை நர்சு வருவாங்கன்னு அவதான் போன்ல சொன்னா. போன புதனும் வந்தேன், அதுக்கு முந்தின புதனும் வந்தேன். நீங்க இந்தக் கடையைத் தாண்டித்தான் போனீங்க. கூப்பிடாமயே அடுத்த பஸ்ஸுல போயிட்டேன்.

இந்தாங்க சீட்டு. எனக்கு ரத்தம் பாத்தப்ப எழுதிக் குடுத்தது, அந்தக் கிருமி பேரு இதுல இருக்கு, என் வாயில நுழையாது. நீங்க எடுக்கிற சக்கரை, ரத்தசோகை எல்லாம் எடுத்துட்டாங்களாம், கேட்டுட்டேன். இதை எடுக்கல. இதை எடுக்கச் சொல்லுங்க. இருந்தா புள்ளத்தாச்சிக்கும் மருந்து இருக்குதுல்ல? இருக்குன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் எடுக்கிறோம்னு சொல்லி எடுத்துருங்க. நான் இங்க வந்தது தெரிய வேண்டாம்.

அப்படி எடுக்க முடியாதா. ஆட்டைத் தொட்டீங்களா, எப்பத் தொட்டீங்கன்னு அவகிட்டக் கேட்டு எழுதணுமா. சரி, கேளுங்க. கேக்கத்தான் வேணும். யாரு தொடச் சொன்னாங்கன்னும் கேப்பீங்கள்ல? அவளை எனக்குத் தெரியும். அம்மாதான் சொன்னாங்கன்னு என்னையக் காட்டிக் குடுக்கவே மாட்டா. நானாத்தான் தொட்டேன், அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்கன்னு சொல்லுவா.

அப்படிச் சொன்னா நம்பிராதீங்க நர்சம்மா.